டிரெசர் தாத்தா பதில்கள்: வயிற்றுக்குள் தொங்கும் வலை

தோட்டத்து மருந்தறையில் டிரெசராக, அதாவது மருந்து கொடுக்கும் உதவியாளராக, இருந்தவன் நான். போன மாதம் ஒருவருக்குப் பதில் எழுதும்போது, "வயிற்றுக் கொழுப்பிலேயே காவல் இருக்கிறது" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு வாட்ஸ்ஆப்பில் கேள்விகள் குவிந்துவிட்டன. சரி, இந்த மாதம் முழுக்க அதையே பேசிவிடுவோம். மூட்டு வலிக்கும் சளிக்கும் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த மாதம் உங்களுக்குத்தான்.

டிரெசர் ஐயா, என் மகன் பல்கலைக்கழகத்தில் உயிர் மருத்துவம் படிக்கிறான். தீபாவளிக்கு ஆடு உரித்தபோது குடலை மூடியிருந்த வலை மாதிரிக் கொழுப்பைக் காட்டி, "இதில் நோய் எதிர்ப்பு அணுக்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருக்கும், நமக்கும் உண்டு" என்றான். அவன் அப்பா, "கொழுப்பைப் பற்றிப் படிக்கவா கடன் வாங்கிப் போனான்?" என்று சிரிக்கிறார். யார் சொல்வது சரி?
(ஓர் அம்மா, லிந்தாங்)

மகன் சொன்னதுதான் சரி அம்மா. அப்பா சிரித்ததையும் தப்புச் சொல்ல மாட்டேன். முதன்முதலில் கேட்டபோது நானும் சிரித்தவன்தான்.

எங்கள் ரப்பர் தோட்டத்தில் தீபாவளிக்கு நாலைந்து வீடு சேர்ந்து ஓர் ஆடு அடிப்பார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் ரம்புத்தான் மரக்கிளையில் தொங்கவிட்டு வயிற்றைக் கீறினால், குடலுக்கு முன்னால் கண்ணில் படுவது அந்த வலைதான். இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தால் கொழுப்பு இழை இழையாக ஓடும். இழைகளுக்கு நடுவே கண்ணாடி போன்ற சவ்வு. அந்தப் பக்கம் நிற்கிறவரின் முகமே தெரியும். பாட்டி அதில் ஈரலைச் சுற்றி நெருப்பில் வாட்டித் தருவார். கொழுப்பு உருகிச் சொட்டும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

நமக்கும் அதே வலை இரைப்பையின் கீழ் விளிம்பிலிருந்து குடல்களுக்கு முன்னால் முன்றானை போலத் தொங்குகிறது. டாக்டர்கள் ஒமெண்டம் என்பார்கள், தமிழ் மருத்துவ நூல்களில் வபை. ஒல்லியானவருக்கு முந்நூறு கிராம் இருந்தால், தொந்திக்காரருக்கு ஒரு கிலோவுக்கு மேலும் இருக்கும். நான் வலை என்றே எழுதுகிறேன்.

இனி காவல் விஷயம். காட்டில் மூங்கில் சிம்பு காலில் குத்தி, சீழ் வைத்தால் என்ன ஆகும்? தொடை இடுக்கில் நெறி கட்டும். காலில் நுழைந்த கிருமி நிணநீர்க் குழாய் வழியாக மேலே வந்து, அங்கே உள்ள நிணநீர்க் கணுவில் வெள்ளணுக்களிடம் மாட்டிக்கொள்கிறது. கணு என்பது உறை போட்டு, வாசல் வைத்துக் கட்டின போலீஸ் ஸ்டேஷன். ஆனால் வயிற்றறை வேறு மாதிரி இடம். அதன் உள்சுவரையும் குடல்களையும் ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. முழுசாகப் பிரித்து விரித்தால் கிட்டத்தட்ட நம் தோலின் பரப்பு வரும். சவ்வுக்கும் சவ்வுக்கும் நடுவே குடல் வழுக்கிப் போவதற்காகக் கொஞ்சம் நீர் மட்டும். அந்த நீரில் கிருமி விழுந்தால் ஸ்டேஷன் வரைக்கும் நடந்து போய்ப் புகார் கொடுக்க நேரமில்லை. அதனால் வலையின் மேற்பரப்பிலேயே, ரத்தக் குழாய் ஓரமாக, வெள்ளணுக்கள் திரள் திரளாகக் குந்தியிருக்கின்றன. உறை கிடையாது, வாசல் கிடையாது. ஒவ்வொரு மூச்சுக்கும், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் ஏறி இறங்க, வயிற்று நீர் அசைந்து அவற்றைத் தழுவிப் போகிறது. தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தை ஒட்டிக் கோப்பிக் கடை வைத்தால் யார் வந்தார், யார் வரவில்லை என்று கடைக்காரருக்குச் சொல்லாமலே தெரியுமே, அப்படி.

அந்தத் திரளில் கிருமியை விழுங்கும் மேக்ரோபேஜ் இருக்கும், பி செல்கள் நிறைய இருக்கும். பி செல்களில் ஒரு ரகம் கிருமியை முன்பின் பார்க்காமலே ஐஜிஎம் என்ற எதிர்ப்புப் பொருளைத் தயாரித்து வைத்திருக்கும். குறி அவ்வளவு கூர்மையாக இருக்காது, ஆனால் உடனே கையில் இருக்கும்.

இதைக் கண்டவர்கள் நேற்றைக்குக் கண்டவர்கள் இல்லை. 1863இல் ஜெர்மானியரான ரெக்லிங்ஹௌசன் பார்த்தார். 1874இல் பிரெஞ்சுக்காரரான ரான்வியே முயலின் வலையில் வெள்ளையாகத் தெரிந்ததால் "பால் புள்ளிகள்" என்று பெயர் வைத்தார். பால் என்றால் நமக்கு ரப்பர் மரத்து மங்கில் சொட்டுகிற பால்தான் முதலில் நினைவுக்கு வரும். அதுவும் தப்பில்லை, இலையில் தெறித்த ரப்பர் பால் துளி போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் 2010இல் ஜப்பானில் கெய்யோ பல்கலைக்கழகத்தின் மோரோ, கொயாசு இருவரும் குடலைத் தாங்கும் சவ்வின் கொழுப்பிலும் இதே மாதிரித் திரள்கள் இருப்பதை, எலியிலும் மனிதரிலும் காட்டினார்கள். அதில் அதுவரை யாரும் சரியாகக் கவனிக்காத ஒரு வகை அணுவும் கிடைத்தது. அதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

அடுத்த தீபாவளிக்கு ஆட்டு வலையை வெளிச்சத்தில் பிடித்துப் புள்ளி தேடப் போகிறீர்கள் என்று தெரியும். நானும் தேடியிருக்கிறேன். இதுதான் என்று விரல் வைத்துச் சொல்லும்படி ஒன்றும் அகப்படவில்லை. மகனிடம் மைக்ராஸ்கோப் இருந்தால் அவனிடம் ஒரு துண்டு கொடுங்கள், மீதியை அடுப்பில் வையுங்கள்.

இரண்டு நாளாக வலது அடிவயிற்றில் வலி. மூன்றாம் நாள் தானாகக் குறைந்துவிட்டது. நீங்கள் எழுதின அந்தக் காவல் போய் மூடிவிட்டது என்று எடுத்துக்கொண்டு சும்மா இருக்கலாமா?
(ஒரு வாசகர், சலாக் உத்தாரா)

தம்பி, உங்களுக்கு அன்றைக்கே "உடனே கிளம்பு" என்று பதில் போட்டேன், ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தீர்கள் என்றும் தெரியும். இது மற்றவர்களுக்காக.

1978. நான் டிரெசராகி ஏழு வருஷம். எல்லாம் தெரியும் என்ற நினைப்பு வந்திருந்த காலம். விடியற்காலை ஐந்து மணிக்கு, பெரட்டுக்கு முன்னால், ஒரு பால்வெட்டுக்காரர் மருந்தறைக்கு வந்தார். தொப்புளைச் சுற்றி வலி, ஒரு தடவை வாந்தி. முதல் நாள் சாப்பிட்டது என்ன என்று கேட்டேன், கருவாடு என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. வெள்ளை மிக்ஸர் என்ற வயிற்று மருந்தை அவர் கொண்டுவந்த போத்தலில் ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன். சாயந்திரம் வலி வலது பக்கம் இறங்கிவிட்டதாக அவர் மனைவி வந்து சொன்னார். நாளைக்குப் பார்ப்போம் என்றேன். மறுநாளும் வலி. அதற்கு அடுத்த நாள் அவரே நடந்து வந்து, "டிரெசர் ஐயா, உங்கள் மருந்து நல்ல மருந்து, வலி விட்டுப் போச்சு" என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஐந்தாம் நாள் காய்ச்சல். வயிற்றில் கை வைத்தேன். வலது கீழ்ப் பக்கத்தில் எலுமிச்சம்பழத்தைவிடப் பெரியதாக ஒரு கட்டி. அதைத் தொட்ட விரல் இன்னும் மறக்கவில்லை. தோட்டத்து லேண்ட்ரோவரில் ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சீழ் கட்டியிருந்ததால் திறக்க வேண்டியதாயிற்று. அங்கிருந்த சர்ஜன் என்னைத் திட்டியிருக்கலாம். அவர் அதற்குப் பதிலாகக் கவுன் மாட்டிக்கொண்டு உள்ளே வந்து பார் என்றார். வயிறு திறந்ததும் மஞ்சள் கொழுப்பு வலை வலது மூலைக்கு இழுபட்டுப் போய் எதையோ சுற்றிக்கொண்டிருந்தது. வாழையிலையில் மடித்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் மாதிரி, அத்தனை இறுக்கம். மெதுவாகப் பிரித்தார். உள்ளே கறுத்துப்போன குடல்வால், அதைச் சுற்றிச் சீழ். பொட்டலத்துக்கு வெளியே வயிறு சுத்தமாக இருந்தது.

ஆள் பிழைத்தார். பிழைக்க வைத்தது என் மிக்ஸர் இல்லை என்பதை மூன்று வாரம் கழித்து அவர் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். அவர் நம்பவில்லை, கடைசி வரைக்கும் மருந்துதான் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வலை தானாக நடந்து போவதில்லை. குடல் அசைவும் நாம் புரள்வதும் அதை அங்கும் இங்கும் தள்ளிக்கொண்டே இருக்கும். வீங்கின இடத்தில் சவ்வு பசை போல ஒட்டும். வலை போய் அங்கே ஒட்டிக்கொள்கிறது, புள்ளிகளில் இருந்த அணுக்கள் வேலையைத் தொடங்குகின்றன, ரத்தத்திலிருந்து இன்னும் ஆட்கள் இறங்குகிறார்கள். இங்கிலாந்தில் ரதர்போர்ட் மோரிசன் என்ற சர்ஜன் 1906இல் இதை வயிற்றின் போலீஸ்காரன் என்றார். நல்ல பெயர்தான். ஆனால் போலீஸ்காரன் திருடனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், விலங்கு கொண்டுவர ஆள் வர வேண்டாமா? வலி குறைந்தது வலை சுற்றிக்கொண்டதால் இருக்கலாம். குடல்வால் வெடித்து உள்ளழுத்தம் இறங்கியதாலும் இருக்கலாம். வெளியே இருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான். தொப்புளில் தொடங்கி வலது பக்கம் இறங்கின வலியை ஒரு ராத்திரிக்கு மேல் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

குழந்தைகள் விஷயத்தில் அந்த ஒரு ராத்திரியும் கிடையாது. சின்னப் பிள்ளைகளுக்கு வலை வளர்ந்திருக்காது, சிறிய கைக்குட்டை அளவுதான். சுற்றி மூட எட்டாது, சீழ் வயிறு முழுக்கப் பரவிவிடும்.

சர்ஜன்களும் இந்த வலையைச் சும்மா விடுவதில்லை. வெறும் வயிற்றில் வலி மாத்திரையாக விழுங்கி இரைப்பையில் ஓட்டை விழுந்து வருகிறவர்களுக்கு, வலையின் ஒரு துண்டை இழுத்து ஓட்டையின் மேல் வைத்துத் தைத்துவிடுவார்கள். 1937இல் கனடாவின் கிரஹாம் எழுதி வைத்த முறை. சைக்கிள் டியூப்புக்கு ஒட்டுப் போடுகிற மாதிரியேதான்.

அப்பாவுக்குச் சீனி நோயால் கிட்னி போய், வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் செய்கிறோம். ஒரு நாளைக்கு நாலு தடவை, குழாய் வழியாக இரண்டு லிட்டர் பை நீரை வயிற்றுக்குள் விட்டு, பிறகு வெளியே எடுக்கிறோம். பை கலங்கினால் உடனே வாருங்கள் என்று நர்ஸ் பயமுறுத்தி அனுப்பியிருக்கிறார். கலங்குவது அழுக்கா, மருந்தா? லேசாகக் கலங்கினால் அடுத்த பை வரை பார்க்கலாமா?
(மகள், சுங்கை சிப்புட் டவுன்)

அழுக்கும் இல்லை, மருந்தும் இல்லை. தங்கச்சி, அது வெள்ளணுக்கள். மேலே சொன்ன காவல்காரர்கள்தான். வலையின் புள்ளிகளிலிருந்தும் சவ்வின் ரத்தக் குழாய்களிலிருந்தும் இறங்கி, அரிசி கழுவின தண்ணீர் மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். பரிசோதனைச் சாலையில் அந்த நீரின் ஒரு மைக்ரோலிட்டரில் 100க்கு மேல் வெள்ளணு இருந்து, அதில் பாதிக்கு மேல் நியூட்ரோபில் ரகம் என்றால் வயிற்றுச் சவ்வில் கிருமி என்று எடுத்துக்கொள்வார்கள்.

வீட்டில் பார்க்கிற விதம் இது. வெளியே எடுத்த பையை நாளிதழ் மேல் வையுங்கள். கீழே இருக்கிற எழுத்தைப் படிக்க முடிகிறதா? என் நண்பர் ஒருவர் தினமும் மரண அறிவிப்புப் பக்கத்தின் மேல்தான் வைப்பார். "இன்றைக்கு யார் போனார் என்று தெரிகிறது, அப்படியானால் நான் போகவில்லை" என்பார். ஒரு நாள் எழுத்து மங்கியது. அவர் உடனே போனார், பைக்குள்ளேயே ஆன்டிபயாடிக் கலந்து விட்டார்கள், குழாய் தப்பியது.

அடுத்த பை வரை பார்க்காதீர்கள். வலியும் காய்ச்சலும் வரட்டும் என்றும் காத்திருக்காதீர்கள், சிலருக்குக் கலங்கல்தான் முதலில் வரும். கலங்கின பையைக் கொட்டிவிடாமல் கையோடு எடுத்துப் போங்கள், கிருமியை அதிலிருந்துதான் கண்டுபிடிப்பார்கள். பை மாற்றும்போது கை கழுவுவதும் முகமூடியும் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். மின்விசிறியை நிறுத்துவதைத்தான் நம் ஆட்கள் புழுக்கத்தில் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. நீர் உள்ளே போகிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது என்றால் மலச்சிக்கலாக இருக்கலாம். சில பேருக்கு இந்த வலையே போய்க் குழாயைச் சுற்றிக்கொண்டிருக்கும். வலைக்கு அந்தக் குழாய் வேண்டாத வேற்றுப் பொருள்தானே. அளவுக்கு மீறிய விசுவாசம்.

அண்ணிக்குச் சினைப்பைப் புற்றுநோய். ஆபரேஷனில் சினைப்பையோடு வயிற்றுக் கொழுப்பு மடிப்பையும் எடுத்துவிட்டார்கள். காவலையே எடுத்துவிட்டால் உடம்பு என்னாகும்?
(ஈப்போவிலிருந்து ஒரு வாசகி)

கிருமியைப் பிடிப்பதற்காக நீரை வடிகட்டுகிற இடம், மிதந்து வருகிற புற்றுநோய் அணுவையும் பிடித்துக்கொள்கிறது. பிடித்ததைக் கொல்ல முடிந்தால் நல்லது. முடியாதபோது அந்த அணு அங்கேயே வேர் விடுகிறது, பக்கத்தில் கொழுப்பும் சாப்பாடாகக் கிடைக்கிறது. சினைப்பைப் புற்று வயிற்றுக்குள் பரவும்போது முதலில் போய் உட்காரும் இடங்களில் ஒன்று இந்தப் பால் புள்ளிகள். அதனால்தான் எடுக்கிறார்கள். சரியான முடிவு.

வலை இல்லாமல் ஆட்கள் நன்றாகவே வாழ்கிறார்கள். குடலைத் தாங்கும் சவ்விலும் மற்றக் கொழுப்பிலும் இதே திரள்கள் மிச்சம் இருக்கின்றன. அண்ணிக்கு இப்போது வேண்டியது புரதச் சாப்பாடும், தவறாத கீமோ தேதியும், பக்கத்தில் உட்கார்ந்து பேச ஓர் ஆளும்.

மாமாவுக்கு நெஞ்சில் நீர் கோத்து, டீபி என்றார்கள். நுரையீரல் பக்கமும் இந்தக் காவல் உண்டா? இரண்டு மாதத்தில் நன்றாகிவிட்டார், மருந்தை நிறுத்தலாம் என்கிறார்.
(கோலகங்சார் வாசகர்)

உண்டு. நுரையீரலைப் போர்த்திய சவ்விலும் இதயப் பையை ஒட்டிய கொழுப்பிலும் இதே புள்ளிகள் இருக்கின்றன. பிறந்த குழந்தைகளின் மார்புச் சவ்வில் இருப்பதைக் காம்ப்மையர் 1928இலேயே எழுதினார். 2016இல் எடின்பரோ ஆய்வாளர்கள், நெஞ்சறைக்குள் கிருமி வந்தால் அங்கே ஐஜிஎம் சுரப்பது இந்தத் திரள்களிலிருந்துதான் என்று எலிகளில் காட்டினார்கள்.

மாமாவின் நெஞ்சில் கோத்த நீரில் டீபி கிருமி கொஞ்சமாகத்தான் இருந்திருக்கும். நீர் கோத்ததே பெரும்பாலும் அந்தக் கொஞ்சத்துக்கு எதிராக உடம்பு போட்ட சண்டையால். சண்டைச் சத்தம் அடங்கினால் இருமல் நிற்கும், பசி எடுக்கும், ஆள் தேறிவிட்டார் போல இருக்கும். கிருமி மூலையில் தூங்கிக்கொண்டிருக்கும். மருந்து ஆறு மாதம். நிறுத்தலாம் என்று சொல்லும் அதிகாரம் மாமாவுக்கு இல்லை.

கொழுப்பில்தான் காவல் என்றால், என் தொந்தி எனக்குப் பாதுகாப்புத்தானே? மனைவியிடம் காட்ட உங்கள் கையெழுத்தில் ஒரு பதில் வேண்டும்.
(பெயர் வேண்டாம் என்கிறார்)

கிடையாது. உள் கொழுப்பு பெருத்தால் அங்கே வெள்ளணுக்கள் காரணமில்லாமல் எரிச்சலடைந்து, இன்சுலின் வேலையைக் கெடுக்கின்றன. மூன்று கேள்விக்கு முன்னால் வந்த அந்த அப்பாவின் கதை சீனி நோயில்தான் தொடங்கியது. இதை மனைவியிடம் காட்டுங்கள்.

இந்தத் திரள்களைப் பலப்படுத்த ஒரு பவுடர் விற்கிறார்கள், டப்பா 89 வெள்ளி. வாங்கலாமா?
(இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்)

வேண்டாம்.

தாத்தா, நான் ஐந்தாம் ஆண்டு படிக்கிறேன். குடற்பூச்சி மருந்து கசக்கிறது. வயிற்றில் போலீஸ் இருக்கிறது என்று அம்மா உங்கள் பக்கத்தைப் படித்துக் காட்டினார். அப்படியென்றால் புழுவை அவர்களே பிடிக்க மாட்டார்களா?
(தமிழ்ப் பள்ளி மாணவன், லிந்தாங்)

கெட்டிக்காரக் கேள்விடா. ஜப்பானியர்கள் கண்ட அந்தப் புது அணு புழுவுக்கு எதிராகவும் வேலை செய்கிறது. எலிக்குக் குடற்புழு வந்தபோது அந்த அணுக்கள் ஒரு செய்தியை அனுப்பின, குடல் சுவர் சளியைக் கொட்டத் தொடங்கியது. புழுவுக்குப் பிடிமானம் வழுக்கிவிடும், எண்ணெய் தடவின கம்பத்தில் ஏறுகிற மாதிரி.

ஆனால் நம் கொக்கிப்புழு லேசுப்பட்டதல்ல. வருஷக் கணக்காகக் குடலில் கடித்துக்கொண்டு ரத்தம் குடிக்கும். நான் வேலைக்கு வந்த புதிதில் லயத்துப் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துக் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பேன். பாதிப் பேருக்கு உள்ளே வெளுத்திருக்கும். அவர்கள் வயிற்றிலும் போலீஸ் இருந்ததுதான். மருந்தைக் குடித்துவிட்டு மேலே ஒரு வாய் மைலோ குடி. அப்புறம், அந்தப் புழு வாய் வழியாக மட்டும் வருவதில்லை, ஈர மண்ணிலிருந்து பாதத் தோலைத் துளைத்து வரும். நீ இந்தக் கேள்வியை அனுப்பும்போது காலில் செருப்பு இருந்ததா?